மாஸ்லோ வரையாத முக்கோணம்: பி.எட். கல்லூரிகளில் உளவியல் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உங்கள் கல்லூரிகளில் படிப்பவர்கள் கற்பித்தல் பயிற்சிக்காக எங்களிடம் வருகிறார்கள். வழிகாட்டி ஆசிரியை என்ற முறையில் அவர்களோடு நிறையப் பேச வாய்க்கிறது. நல்ல பிள்ளைகள். இரண்டு பேருந்து மாறி வந்து, லெசன் பிளான் எழுதி, சார்ட்டு ஒட்டி, ரெக்கார்டு நோட்டுக்காக இரவெல்லாம் கண்விழிப்பவர்கள். மனிதத் தேவைகளை வரிசைப்படுத்திச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவைப் பற்றிக் கேட்டால் யோசிக்காமல் ஒரு முக்கோணம் வரைந்துவிடுகிறார்கள். அடியில் உடல் தேவை, அதன்மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன்திறன் நிறைவு, அதாவது தன்னால் ஆகக்கூடியதை முழுதாக ஆகிக்காட்டுவது.

"சரிம்மா, இத வெச்சு இந்த வகுப்புல இருக்கிற பிள்ளைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "பசியோட வர்ற பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்க மேடம். முதல்ல சாப்பாடு, வீட்டுல ஒரு பாதுகாப்பு. அதெல்லாம் சரியான பிறகுதான் மத்ததெல்லாம்."

இந்தப் பதிலின் முதல் பாதியில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்த வரலாறு நம்முடையது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியதைக் காமராசர் மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தட்டின் அருமை தெரிந்தவள்தான் இதை எழுதுகிறேன். இரண்டாம் பாதிதான் என் கவலை. 'மத்ததெல்லாம் பிறகு' என்ற நம்பிக்கையோடு ஓர் இளம் ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை நான் பின்பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வறுமையான வீட்டுப் பிள்ளையை அவர் முக்கோணத்தின் அடித்தட்டில் வைத்துவிடுகிறார். அங்கே இருக்கும் பிள்ளைக்குச் சோறும் சீருடையும் தேவை, இரக்கம் தேவை. அவனிடம் கருத்துக் கேட்பதும், மேடையில் பேச வைப்பதும், அறிவியல் கண்காட்சிக்கு அவனாகவே ஒன்றைச் செய்துபார்க்க விடுவதும் மேல்தட்டுக் காரியங்களாகிவிடுகின்றன. "அவனுக்கு எதுக்குங்க இதெல்லாம், பாவம், பாஸ் பண்ணினாப் போதும்" என்று ஆசிரியர் அறைகளில் சொல்லப்படுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. பரிவோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே அதை எதிர்த்துப் பேசுவது கடினமாக இருக்கிறது. அந்தப் பரிவுக்கு உளவியல் சான்று கொடுத்து அனுப்புவது உங்கள் வகுப்பறைகளில் வரையப்படும் முக்கோணம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. விடியற்காலையில் அம்மாவோடு உட்கார்ந்து பூக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருவாள். பல நாள் காலை வழிபாடு முடிந்த பிறகுதான் வந்து சேர்வாள். ஒருநாள் பயிற்சி ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, "மிஸ், காலையில வர்றப்ப நிலா தெரிஞ்சுச்சு. பகல்ல எப்படி மிஸ் தெரியுது?" என்று கேட்டாள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ முதல்ல நேரத்துக்கு வரப் பாரு" என்றார் அவர். வகுப்பு முடிந்ததும் அந்தப் பயிற்சி ஆசிரியை என்னிடம் வந்து அந்தப் பெண்ணின் குடும்பச் சூழலைப் பற்றி உண்மையான வருத்தத்தோடு பேசினார். ஒரு மாணவரைப் பற்றி ஆராய்ந்து எழுத வேண்டிய கேஸ் ஸ்டடிக்கு அவளைத்தான் எடுக்கப்போவதாகவும் சொன்னார். அந்தக் கேள்வியும் அவளுடைய தேவைதான் என்பது அவர் மனதில் படவே இல்லை.

மாஸ்லோவுக்குப் பட்டிருக்கும். 1943இல் வெளிவந்த 'மனித ஊக்கம் பற்றிய ஒரு கோட்பாடு' என்ற அவருடைய கட்டுரையை அருள்கூர்ந்து ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். அதில் முக்கோணம் இல்லை. எந்தப் படமும் இல்லை. அறியவும் புரிந்துகொள்ளவும் மனிதனுக்கு இருக்கும் ஆசையைப் பற்றி அதிலேயே பேசுகிறார். அதை ஐந்து தட்டுகளில் எதற்குள்ளும் அடைக்காமல், மற்றத் தேவைகளோடு பின்னிக் கிடப்பதாகக் காட்டுகிறார். பேசும் சுதந்திரம், தேடி அறியும் சுதந்திரம், நீதி, நேர்மை ஆகியவற்றை அடிப்படைத் தேவைகள் நிறைவேறுவதற்கே முன்நிபந்தனைகள் என்கிறார். சோற்றுக்குப் பிறகு வருபவை என்று நாம் ஒதுக்கியவை அவருக்கு வாசலிலேயே நிற்பவை. இந்தப் பகுதி ஏன் எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை என்று நான் பலமுறை வேதனைப்பட்டிருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. ஒரு தேவை நூறு விழுக்காடு நிறைவேறிய பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்று நினைத்துவிடாதீர்கள் என்று அதே கட்டுரையில் எச்சரிக்கிறார். விளங்குவதற்காகச் சில எண்களை அவரே போட்டுக் காட்டுகிறார்: சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 விழுக்காடு நிறைவேறியிருக்கலாம், பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, தன்திறன் நிறைவு 10. அதாவது ஐந்தும் ஒரே மனிதருக்குள் ஒரே நேரத்தில், வெவ்வேறு அளவில் உயிரோடு இருக்கின்றன. இந்த வரிசை கல்லில் பொறித்ததுபோல் இறுக்கமானது அல்ல என்றும் எழுதுகிறார். அன்பைவிடத் தன்மதிப்பைப் பெரிதாக நினைப்பவர்களையும், மற்ற எல்லாம் குறைந்தபோதும் படைப்பதை விடாதவர்களையும், ஒரு கொள்கைக்காக எல்லாவற்றையும் துறப்பவர்களையும் விதிவிலக்குகளாகக் குறிப்பிடுகிறார். பூக் கட்டும் வீட்டிலிருந்து வந்து நிலாவைக் கேட்கும் பெண்ணுக்கு அவருடைய உளவியலில் இடம் இருக்கிறது. நாம் வரையும் படத்தில்தான் இல்லை.

அந்த முக்கோணம் எங்கிருந்து வந்தது? டாட் பிரிட்ஜ்மனும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் இதைத் தேடிப்போய் 2019இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்தபடி, மாஸ்லோவின் தேவைகளை முக்கோணமாக முதலில் அச்சில் வரைந்தவர் சார்ல்ஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசனை உளவியலாளர். ஆண்டு 1960. இடம், ஒரு வணிக இதழ். பணம் மனிதர்களை எப்படி வேலை செய்யத் தூண்டுகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் பேச்சு. தொழிலாளிக்கு எந்தத் தட்டில் எதைக் கொடுத்தால் வேலை நடக்கும் என்று மேலாளர் பார்ப்பதற்காக வரைந்த படம் அது. அதைக் குழந்தையின் மனதுக்கு வரைபடமாக நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

மாஸ்லோ எதற்காக இதை எழுதத் தொடங்கினார் என்பதையும் பயிற்சி மாணவர்கள் அறிய வேண்டும். அவர் 1908இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். வசதியான வீடு இல்லை. முனைவர் பட்டத்துக்காகக் குரங்குகளின் ஆதிக்க நடத்தையை ஆராய்ந்தவர். அமெரிக்காவை இரண்டாம் உலகப் போருக்குள் இழுத்த 1941 பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குச் சற்றுப் பின்னர் ஒருநாள், தெருவில் போன எளிய ஊர்வலம் ஒன்றுக்காகக் காரை நிறுத்த வேண்டியிருந்தது. பழைய சீருடைகள், ஒரு கொடி, சுருதி சேராத குழலிசை. பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்களில் நீர் வழிந்தது. ஹிட்லரையும் ஸ்டாலினையும் நாம் புரிந்துகொள்ளவில்லை, யாரும் யாரையும் புரிந்துகொள்ளவில்லை, அமைதிப் பேச்சு மேசைக்கு உதவும் ஓர் உளவியல் வேண்டும் என்ற முடிவுக்கு அன்று வந்ததாகப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். மனிதன் போரையும் வெறுப்பையும்விடப் பெரிய ஒன்றுக்குத் தகுதியானவன் என்று நிறுவ முயன்ற வாழ்க்கை அவருடையது. தேர்வுக்கு ஐந்து தலைப்பாகச் சுருக்கும்போது இந்த ஆவேசம் முழுதும் கசிந்துபோகிறது.

மாஸ்லோவைக் கோயிலில் வைக்கச் சொல்லவில்லை. குறைகளையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தன்திறன் நிறைவு பெற்றவர்கள் என்று அவர் ஆராய்ந்த லிங்கன், ஐன்ஸ்டைன், ஸ்பினோசா போன்றவர்களின் பட்டியல் அவரே தேர்ந்தெடுத்தது. பெரும்பாலும் மேலைநாட்டு ஆண்கள். எலினார் ரூஸ்வெல்ட், ஜேன் ஆடம்ஸ் என்று சில பெண்கள். அந்தப் பட்டியலைக் கொண்டு மனித குலம் முழுமைக்கும் முடிவு சொல்ல முடியாது. 1938 கோடையில் கனடாவின் ஆல்பெர்ட்டாவில் சிக்சிக்கா பழங்குடி மக்களிடையே தங்கியிருந்தபோது, யார் அதிகம் வாரி வழங்குகிறாரோ அவரே செல்வர் என்று மதிக்கப்படுவதைக் கண்டு வியந்தார். மதிப்பு என்பது தனியாள் சம்பாதித்துக்கொள்வது மட்டுமில்லை, ஒரு சமூகம் தன் உறுப்பினர்களுக்குக் கொடுப்பதும்கூட என்பதை அங்கே பார்த்தவர் அவர். நம் பயிற்சி மாணவர்கள் விவாதிக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா?

பிற்கால ஆய்வுகளும் வந்துவிட்டன. லூயிஸ் டேயும் எட் டீனரும் 123 நாடுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். உணவும் பாதுகாப்பும் முன்னதாக நிறைவேறும் போக்கு இருக்கிறது என்பது அவர்களும் கண்டதே. ஆனால் அன்பும் மதிப்பும் தன் விருப்பப்படி செயல்படும் உரிமையும் மனிதருக்குத் தரும் நிறைவு, கீழ்த்தேவைகள் முழுதாக நிறைவேறும்வரை காத்திருப்பதில்லை. வறுமையிலும் அவை தம் பங்கைச் செய்கின்றன.

நம் சத்துணவுக் கூடத்திலேயே இதைப் பார்க்கலாம். சோறு ஒருபோதும் வெறும் சோறாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில்லை. வரிசையில் நிற்கும்போது யார் பின்னால் தள்ளப்படுகிறார், இரண்டாம் முறை கேட்டால் என்ன முகம் கிடைக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா வேறு எதையாவது சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்பதெல்லாம் அந்தத் தட்டில் சேர்ந்தே விழுகிறது. சமைப்பவர் இன்ன சாதி என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றி இந்த மாநிலத்துச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். அங்கே அடித்தட்டு எது, நான்காம் தட்டு எது? பசியும் மானமும் ஒரே வாயில்தான் இருக்கின்றன. இதை விவாதிக்காமல் சத்துணவுத் திட்டத்தை 'உடல் தேவைக்கு எடுத்துக்காட்டு' என்று எழுதவைத்து மதிப்பெண் போடுவது, அந்தத் திட்டத்தையும் சிறுமைப்படுத்துகிறது.

அடுத்து, அமெரிக்க ஆலோசனை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். உங்கள் பாடத்தில் அவர் மாஸ்லோவுக்குப் பின்னால் ஒரு பத்தியில் வந்து போகிறார்: தன்கருத்து (தன்னைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் எண்ணம்), ஒத்துணர்வு (அடுத்தவர் உணர்வதை அவர் இடத்திலிருந்து உணர்வது), நிபந்தனையற்ற ஏற்பு (எதிரே இருப்பவரை அப்படியே ஏற்பது). ஆசிரியருக்கு மாஸ்லோவைவிடப் பலமடங்கு வேண்டியவர் இவர் என்பது என் துணிபு. தேவை என்ன என்று சொன்னவர் மாஸ்லோ. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அடுத்த பத்து நிமிடம் எப்படி இருக்க வேண்டும் என்று செய்து காட்டியவர் ரோஜர்ஸ்.

அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராவதற்கு முன் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் குழந்தைகளுக்கான வழிகாட்டி மையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். அடங்காத மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தார். சிறுவயதில் அவர் மகனை ஒதுக்கியதுதான் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பல சந்திப்புகளில் பொறுமையாக அதை அவருக்குப் புரியவைக்கப் பார்த்தார். நடக்கவில்லை. இருவரும் முயன்றோம், முடியவில்லை, விட்டுவிடுவோம் என்றார். அந்தத் தாயும் ஒப்புக்கொண்டு எழுந்து கதவுவரை போய்விட்டார். அங்கே நின்று திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா?" என்று கேட்டார். தருவோம் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையின் துயரத்தையும் தோற்றுப்போன உணர்வையும் கொட்டத் தொடங்கினார். அதுவரை சொல்லியிருந்த 'குடும்ப வரலாற்றுக்கும்' இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தாய்க்கும் பிறகு மகனுக்கும் அதன்வழியே தீர்வு பிறந்தது. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும் என்று தான் கற்ற இடமாக ரோஜர்ஸ் இதைச் சொல்கிறார்.

இப்போது நம் பயிற்சி மாணவர்களின் கேஸ் ஸ்டடி ரெக்கார்டைத் திறந்து பாருங்கள். 'தந்தைக்குக் குடிப்பழக்கம். தாய் கூலி வேலை. கல்வியறிவற்ற பெற்றோர். எனவே மாணவனுக்குக் கவனக்குறைவு. தீர்வு: பெற்றோருக்கு அறிவுரை கூறப்பட்டது.' அட்டை மாறினாலும் உள்ளே இதே வரிகள். கதவுவரை போய்த் திரும்பும் தாய்க்கு அந்த நோட்டில் இடமே இல்லை. பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று நான் தேடுவேன். பெரும்பாலும் இருக்காது.

பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொல்லிலேயே எழுத வேண்டும் என்று ஒரு விதி மட்டும் போட்டுப் பாருங்கள். ரெக்கார்டின் தரமே மாறிவிடும். ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில் ஒரு முழு ஆலோசனைத் தொடரையும் ஒலிப்பதிவு செய்து வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்ததை மற்றவர்கள் கேட்டுக் கற்க வழி செய்தது அந்த ஒலிப்பதிவு. இன்று உங்கள் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. பிள்ளைகளைப் பதிவு செய்ய வேண்டாம், அது தவறு. பயிற்சி மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் தனக்கு உண்மையாகவே இருக்கும் ஒரு கவலையைப் பேச, மற்றவர் கேட்கட்டும். பதிவைப் போட்டுக் கேட்டால், கேட்க வேண்டியவர் எத்தனை முறை குறுக்கிட்டார், எத்தனை முறை அறிவுரை சொன்னார் என்பது அவருக்கே தெரிந்துவிடும். எழுபது பக்க நோட்ஸ் செய்யாததை இது செய்யும்.

ஆசிரியர் மருத்துவர் ஆகிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், காது கொடுத்துக் கேட்டதோடு நிற்கக்கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆனால் பிள்ளை வாய் திறந்து சொல்லும் ஆசிரியராக முதலில் இருக்க வேண்டுமே!

ரோஜர்ஸ் தன் சிறுவயது வீட்டு நிலவறையில் பார்த்த உருளைக்கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்த கிழங்குகள். மண் இல்லை, நீர் இல்லை, மேலே சிறு சன்னல் ஒன்று. அந்த இருட்டிலும் அவை முளைவிட்டு, வெளிறிய தண்டுகளாக இரண்டு மூன்றடி நீளம் அந்தச் சன்னல் வெளிச்சத்தை நோக்கி வளருமாம். ஒருபோதும் செடியாகப் போவதில்லை. ஆனாலும் வளர்வதை விடுவதில்லை. மனநல மருத்துவமனைகளின் பின்கட்டுகளில் கிடந்த மனிதர்களோடு வேலை செய்தபோது அந்தத் தண்டுகளை நினைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். அவர்களின் நடத்தை நமக்குக் கோணலாகத் தெரிகிறது, ஆனால் அது கிடைத்த வெளிச்சத்தை நோக்கிய முயற்சி என்கிறார். பெஞ்சில் கத்தியால் பெயர் கீறும் பையனையும், எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு தவறான பதில் சொல்லும் பிள்ளையையும் பார்க்கும்போது இதை ஓர் ஆசிரியர் நினைத்துக்கொண்டால் போதும், அவர் வாயிலிருந்து வரும் அடுத்த வார்த்தை வேறாக இருக்கும்.

இது வெறும் கனிவுப் பேச்சு என்று தோன்றினால், வகுப்பறை ஆய்வுகளும் இருக்கின்றன. ரோஜர்ஸ் சொன்ன பண்புகள் மிகுந்த ஆசிரியர்களின் மாணவர்கள் பள்ளிக்கு வராமல் போவது குறைவு, பாடத்தில் பெறும் முன்னேற்றம் அதிகம் என்று டேவிட் ஆஸ்பியும் ஃப்ளோரா ரோபக்கும் 1970களில் அமெரிக்கப் பள்ளிகளில் கண்டார்கள். 2007இல் ஜெஃப்ரி கொர்னீலியஸ்-வைட் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஆசிரியரின் ஒத்துணர்வுக்கும் இதமான அணுகுமுறைக்கும் மாணவரின் கற்றலோடு தெளிவான தொடர்பு இருந்தது. கற்றல் விளைவு என்று எல்லாக் கூட்டத்திலும் பேசும் நாம் இதை ஏன் பேசுவதில்லை?

இதை எழுதத் தயங்கினேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒத்துணர்வைப் பற்றிப் பாடம் கேட்கும் மாணவர்கள் அதைத் தங்கள் கல்லூரியில் அனுபவிக்கிறார்களா? பயிற்சி மாணவர் ஒருவரை, மேற்பார்வையிட வந்தவர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னாலேயே, சார்ட்டில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று கடிந்துகொண்டதை நான் பார்த்தேன். அந்தப் பயிற்சி மாணவரின் முகம் சுண்டிப்போனது. அன்று மதியமே அதே குரலில், அதே சொற்களில், அவர் ஒரு பையனை எழுப்பி நிறுத்தித் திட்டினார். அந்த ஒரு நாளில் அவர் கற்ற உளவியல், இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் கற்றதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. பயிற்சி ஆசிரியருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அவருக்குத் தேவையானது உங்கள் மனதில் இருக்க வேண்டும். தான் மதிக்கப்படாத இடத்தில் மதிப்பைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுகிறவர், அது தேர்வுக்கான விஷயம் என்றுதான் புரிந்துகொள்வார்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை மேம்பாட்டுக்கு 30 மதிப்பெண். பெயரையும் கோட்பாட்டையும் பொருத்தச் சொல்லும் வினாக்கள் அதில் வரும்வரை கோச்சிங் சென்டரும் முக்கோணமும்தான் ஜெயிக்கும். ஒரு பிள்ளையின் ஒரு நாளை நான்கு வரியில் கொடுங்கள். இவளிடம் எந்தத் தேவைகள் தெரிகின்றன, ஆசிரியர் அடுத்துச் சொல்லக்கூடியவற்றில் எது அவளைப் பேச வைக்கும் என்று கேளுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வதாகவே இருக்கட்டும். சிந்திக்க வைக்கும்.

பாடத்திட்டக் குழுவினர் மாஸ்லோவின் 1943 கட்டுரையிலிருந்தும் ரோஜர்ஸின் எழுத்திலிருந்தும் சில பக்கங்களையாவது நல்ல தமிழில் கொண்டுவர வேண்டும். எங்களிடம் வருபவர்களில் பலர் ஆங்கிலத்தில் படிக்கத் திணறுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் கையேட்டுச் சுருக்கம்தான். மூல ஆசிரியரின் குரலை ஒருமுறை கேட்டவர், அதை ஐந்து தலைப்பாகச் சுருக்க மனம் ஒப்பமாட்டார்.

வரும் கல்வியாண்டில் உங்கள் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும்போது, மதிப்பெண் படிவம் இல்லாமல் ஒருநாள் நீங்களும் வாருங்கள். ஒரு பாடவேளை முழுதும் பின்பெஞ்சில் பிள்ளைகளோடு உட்காருங்கள், இடைவேளையில் அவர்களோடு பேசுங்கள். சத்துணவு நேரம்வரை இருந்துவிட்டுப் போங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களின் வழிகாட்டி ஆசிரியை ஒருவர்